ஆடிக்கு முன்னால் ஒரு யானை

தெற்குச் சீமையில் சூதானப்பட்டி என்று ஒரு ஊர். பேருக்கு ஏற்ற ஊர்தான். அங்கே இருக்கிற அத்தனை பேரும் ரொம்பச் சூதானமான ஆட்கள். எழுதி வைத்ததை மீற மாட்டார்கள், சொல்லி வைத்ததைத் தாண்ட மாட்டார்கள். அம்மன் கோயில் கதவுக்கு என்றைக்கோ பெயிண்ட் அடித்துவிட்டு, ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். பெயிண்ட் காய்ந்து, வெளுத்து, உரிந்தும் போய்விட்டது. அட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் கதவைத் தொட வேண்டுமே! இன்றைக்கு வரைக்கும் பூசாரி சுவர் ஏறிக் குதித்துத்தான் அம்மனுக்குத் தீபாராதனை காட்டுகிறார்.

ஊர் எல்லையில் யாரோ ‘நன்றி, மீண்டும் வருக’ என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அன்றோடு போச்சு. வெளியூருக்குக் கிளம்புகிறவன் எவனாக இருந்தாலும் அதைப் படித்ததும் நின்றுவிடுவான். “இவ்வளவு மரியாதையா வரச் சொல்லுதாங்க, எப்படிவே போறது?” என்று அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிடுவான். அதனால் சூதானப்பட்டிக்காரர்கள் அதிகமாக ஊர் உலகம் பார்த்தது கிடையாது.

இப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்த உச்சிமாகாளிக்குத் தை மாசத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண் கரிசல்காட்டுப் பக்கம், பேர் வடிவு. வெளியூர்க்காரி இல்லையா, எதைப் படித்தாலும் ஒரு தடவை யோசித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. ஊரில் அதைப் பற்றி ஒரு மாதிரியாகத்தான் பேசிக்கொண்டார்கள். உச்சிமாகாளி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வடிவு ஒரு தடவை சிரித்தால் போதும், அன்றைக்கு முழுக்க அவனுக்கு வேலை ஓடாது. அவ்வளவு பிரியம்.

ஆனி பிறந்ததும் வடிவு பேச்சை எடுத்தாள். கல்யாணமான முதல் வருஷம் பெண்கள் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போய், ஆவணியில் திரும்பி வருவது வழக்கம்.

“நான் ஆடிக்குப் போறதுக்குள்ள எனக்கு ஒரு யானையைக் காட்டணும்” என்றாள்.

“இதென்ன பெரிய காரியம்? அம்மன் கோயில் கொடைக்கு வருமே, அப்போ...”

“அது நெத்தியில பட்டம் கட்டிக்கிட்டு, பாகன் தட்டுனா ஊருக்கெல்லாம் கையை நீட்டுது. எனக்கு யாருகிட்டயும் கை நீட்டாத யானை வேணும். காட்டுக்குள்ள, அது பாட்டுக்கு நிக்குத யானை. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் காட்டுதேன்னு சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன்.”

“அப்போ காட்டுங்க. காட்டலேன்னா ஆடிக்குப் போறவ ஆவணிக்கு வர மாட்டேன். புரட்டாசிக்கும் வர மாட்டேன்.”

உச்சிமாகாளிக்குத் தெரியும், வடிவு சொன்னால் செய்துவிடுவாள். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான், அழுகை வந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் கூட்டாளிகளிடம் ஓடினான்.

கூட்டாளிகள் மூன்று பேர். மாசானம் ஒரு தடவை பஸ்ஸில் தூங்கிப்போய், எல்லைப் பலகையைப் படிக்காமலே தென்காசி வரைக்கும் போய் வந்துவிட்டவன். அதனால் ஊருக்கே உலக ஞானம் சொல்லுகிறவன் அவன்தான். சப்பாணிமுத்து மகா சிக்கனக்காரன், கல்யாணப் பந்தியில்கூடப் பாயசத்துக்குப் பேரம் பேசுவான். கொம்பையா பலசாலி. தூக்கச் சொன்னால் எதையும் தூக்குவான். இறக்கச் சொல்ல மறந்துவிட்டால் தூக்கிக்கொண்டே நிற்பான்.

உச்சிமாகாளி போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். தொப்பி போட்ட ஒரு பையன் கையையும் காலையும் ஆட்டி, குறைந்த செலவில் திருவனந்தபுரத்தையும் பக்கத்துக் காடுகளையும் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று விளாசிக்கொண்டிருந்தான். “சொந்தங்களே! தனியாப் போகாதீங்க. கூட்டமாப் போங்க, செலவு பங்காகிடும். எல்லாரும் போற சமயத்துல போகாதீங்க. யாருமே போகாத சமயத்துல போங்க. தேவையில்லாததைச் சுமக்காதீங்க!”

நாலு பேரும் வீடியோவைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள்.

“கூட்டமாத்தான் போகணுமாம். அப்போ நாங்க மூணு பேரும் வாரோம்டே” என்றான் மாசானம்.

“ஏலே, கல்யாணமாகி முத முதலா வெளிய போறோம்லே...”

“அதான் சொல்லுதேன். நீ மட்டும் போனா முழுச் செலவும் உன் தலையில. நாங்களும் வந்தா பங்கு.”

சப்பாணிமுத்து தலையைச் சொறிந்தான். “அப்படிப் பார்த்தா வடிவு மதினி வரலேன்னா இன்னும் ஒரு ஆள் செலவு மிச்சம். நாம போய் யானையைப் பார்த்துட்டு வந்து, அது எப்படி இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டாப் போச்சு.”

நல்ல யோசனை என்று உச்சிமாகாளிக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. வீட்டில் போய்ச் சொன்னான். வடிவு முறுக்குத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். சரி, அஞ்சு பேர் என்று முடிவாயிற்று.

யாருமே போகாத சமயம் எது என்று விசாரித்தார்கள். ஆனி மாசம் மலையாள தேசத்தில் மழை கொட்டித் தீர்க்கும், ஒரு ஈ காக்கா போகாது என்று தெரிந்தது. சந்தோஷப்பட்டுக் கிளம்பினார்கள். தேவையில்லாததைச் சுமக்கக் கூடாது இல்லையா, சூதானப்பட்டியில் மழை பெய்து நாளாயிற்று, குடை தேவைப்படவே இல்லை. அதனால் குடையை வீட்டில் விட்டுவிட்டார்கள். எல்லைப் பலகை கண்ணில் படாமல் இருக்க, ஊருக்கு மேற்கே பருத்திக்காட்டு வழியாகச் சுற்றிப் போய் பஸ் ஏறினார்கள்.

திருவனந்தபுரத்தில் இறங்கும்போது மழை ஊற்றிக்கொண்டிருந்தது. முதலில் கடற்கரைக்குப் போனார்கள். கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது.

“எதுடே கடலு?” என்று கேட்டான் கொம்பையா.

மாசானம் கொஞ்ச நேரம் யோசித்தான். “மேல இருந்து நனைச்சா மழை. கீழ இருந்து நனைச்சா கடல்.”

நாலு பேரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. கடலைப் பார்த்தாயிற்று என்று திருப்தியாகத் திரும்பினார்கள். அது கடற்கரை ரோட்டோரத்துச் சாக்கடை என்று வடிவு சொல்ல நினைத்தாள். யானைக்காகப் பொறுத்துக்கொண்டாள்.

மத்தியானம் பசித்தது. வீடியோக்காரன் அதற்கும் வழி சொல்லியிருந்தான். ‘சுற்றுலாக்காரங்க சாப்பிடுற ஓட்டலுக்குப் போகாதீங்க, உள்ளூர்க்காரங்க எங்கே சாப்பிடுறாங்களோ அங்கே போய்ச் சாப்பிடுங்க’ என்று. அப்போது கையில் மீன் பையோடு ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். பார்த்தாலே தெரிந்தது, உள்ளூர்க்காரர். நாலு பேரும் அவர் பின்னாலேயே நடந்தார்கள். அவர் நின்றால் நின்றார்கள், திரும்பினால் திரும்பினார்கள். அவர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து கால் கழுவினார். இவர்களும் கால் கழுவினார்கள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். இவர்களும் உட்கார்ந்தார்கள்.

“ஏங்க, இது வீடுங்க!” என்று வடிவு உச்சிமாகாளியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உள்ளூர்க்காரரு இங்கதானே சாப்பிடுதாரு” என்றான் உச்சிமாகாளி.

அந்தப் பெரியவர் பேர் கேசவன் குட்டி. பாண்டி நாட்டிலிருந்து தன் பெண்டாட்டியின் ஒன்றுவிட்ட சொந்தக்காரர்கள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பெண்டாட்டி ஓமனாவோ, புருஷன் ஆபீஸ் ஆட்களைச் சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிவந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்காமல் விழுந்து விழுந்து உபசரித்தார்கள். கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வந்தது, சோறு வந்தது, மறுசோறும் வந்தது. சப்பாணிமுத்து கடைசியில் கையைக் கழுவிவிட்டு, “சாப்பாடு பிரமாதம். விலையைப் பாதியாக் குறைச்சுக்கிடுங்க” என்றான். புரியாமல் சிரித்த ஓமனா, வடிவைத் தனியே கூப்பிட்டு, ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு பழுத்த பலாப்பழத்தையும் கொடுத்தாள். வடிவுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. பலாப்பழத்தைக் கொம்பையா தோளில் வைத்தார்கள்.

அடுத்தது காடு. வீடியோவில் காட்டிய வனப் பூங்காவுக்காக மலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். எந்த விலை சொன்னாலும் பாதிக்குக் கேளுங்கள் என்பதும் வீடியோ வாக்கு. கண்டக்டர் டிக்கெட் விலையைச் சொன்னதும் சப்பாணிமுத்து, “பாதிக்கு வருமா?” என்றான்.

“பாதி தந்தா பாதி வழியில இறக்கிவிடும்” என்றார் கண்டக்டர், எரிச்சலோடு.

“பார்த்தியா, ஒத்துக்கிட்டாரு!” என்று சப்பாணிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். பாதி வழியில், சுற்றிலும் ரப்பர் மரமாக நிற்கிற ஒரு இடத்தில், கொட்டுகிற மழையில் அஞ்சு பேரும் இறங்கினார்கள். அடுத்த பஸ் வந்தது. மிச்ச வழிக்கு விலை கேட்டு, அதிலும் பாதி கொடுத்து, மிச்சத்தில் பாதித் தூரம் போய் இறங்கினார்கள். அதற்கடுத்த பஸ்ஸிலும் அப்படியே.

“இப்படிப் பாதி பாதியாப் போனா என்னைக்குப் போய்ச் சேருறது?” என்று கேட்டாள் வடிவு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒவ்வொரு தடவையும் கிட்டத்துல வந்துக்கிட்டே இருக்கோம்லா மதினி?” என்றான் மாசானம். வடிவு முந்தானையைப் பிழிந்துகொண்டாள். கடைசியாக ஏறப்போன பஸ்ஸின் கண்டக்டர், அந்தா தெரியுது பூங்கா கேட்டு, இதுக்குப் போய் பஸ்ஸா என்று திட்டி விரட்டிவிட்டார். மிச்சத் தூரம் முழுக்கவே ஓசி என்று சப்பாணிமுத்து அவரை ரோட்டில் நின்று கும்பிட்டான்.

அந்தப் பூங்காவின் கேட் பூட்டியிருந்தது. மழைக்காலம் முடிகிற வரைக்கும் திறப்பதில்லை என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதித் தொங்கியது. வடிவுக்கு மனசு விட்டுப் போயிற்று. மற்ற நாலு பேரும் கேட்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து, பூட்டை நன்றாகப் பார்த்தார்கள்.

“நல்ல பூங்கா. டிக்கெட்டே கிடையாது” என்றான் சப்பாணிமுத்து.

“பூட்டுகூடப் பெரிய பூட்டா இருக்கு. இவ்வளவு பெருசு தென்காசியில கிடையாது” என்றான் மாசானம்.

டீக்கடைக்காரர் ஒருத்தர் பரிதாபப்பட்டு, இன்னும் மேலே ஏறினால் வேறொரு தேசியப் பூங்கா இருக்கிறது, அது திறந்திருக்கும், மழைக்கு யானைகள் ரோடு வரைக்கும் வரும் என்று சொன்னார். ‘யானை’ என்ற வார்த்தையைக் கேட்டதும் வடிவு எழுந்து முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் முகத்தில் மறுபடியும் வெளிச்சம் வந்ததைப் பார்த்து உச்சிமாகாளிக்கு உயிர் வந்தது.

இரண்டாவது பூங்காவில் குட்டப்பன் என்கிற காவலர் இருந்தார். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்திலேயே வேலை பார்த்துப் பழகியவர், தமிழ் பேசுவார். மழையில் வந்து நிற்கிற இந்த அஞ்சு பேரையும் பார்த்தவருக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதல் பலகை: ‘வனவிலங்குகளுக்கு உணவளிக்காதீர்கள்.’ நாலு பேரும் அதை ரெண்டு தடவை படித்து மனப்பாடம் பண்ணிக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் கொம்பையா, “ஏலே!” என்று அலறினான். கெண்டைக்காலில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து உப்பிப்போய்க் கிடந்தது.

“என்னடே இப்படிப் பண்ணிட்டே!” என்றான் மாசானம். “இது காட்டுல இருக்கு. உசுரோட இருக்கு. அப்போ இது வனவிலங்குதானே? நீ அதுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டிருக்கே!”

“நான் போடலேடே, அதுவா எடுத்துக்கிட்டுது.”

“பலகையில அப்படி ஒண்ணும் எழுதலையே. நீ தட்டை நீட்டாம அது எப்படிச் சாப்பிடும்? குடுத்ததைத் திருப்பி வாங்குலே.”

கொம்பையா அட்டையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “அய்யா, தெரியாமக் குடுத்துட்டேன், திருப்பிக் குடுத்துரு” என்று கெஞ்சினான். அது இன்னொரு விரலைக் கடித்தது. குட்டப்பன் அட்டையை வாங்கி வீசிவிட்டு, காலுக்கு உப்பைத் தேய்த்துவிட்டார். ஏற்கனவே சாப்பிட்ட விலங்குக்குத் தண்டனை உண்டா என்று சப்பாணிமுத்து அவரிடம் ரகசியமாகக் கேட்டான்.

பிறகு குட்டப்பன் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: “ஆனை வந்தா ஓடண்டா. சத்தம் வேண்டா. அதோட கண்ணை நேரா நோக்கண்டா. தலையைக் குனிஞ்சு அப்படியே நிக்கணும். மனசிலாயோ?”

மனசிலாகிவிட்டது. அதுதான் வினையாகிப் போயிற்று.

குட்டப்பன் முன்னால் வழி பார்க்கப் போயிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதர் விலகியது. வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு பொருள், அந்தா, வெளியே வரப்போகிறது. அந்த நேரம் பார்த்து உச்சிமாகாளி ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் அவள் கண்ணை இறுக்கி மூடினான்.

“ஏங்க! எடுங்க!”

“சத்தம் போடாதே. கண்ணை நேரா பார்க்கக் கூடாதுன்னு அவரு சொன்னாருல்லா? உனக்கு ஏதாவது ஆகிட்டா நான் என்ன செய்வேன்?” பாவம், உண்மையான பயம்தான்.

“கண்ணைத்தானே பார்க்கக் கூடாது? நான் காலைப் பாக்கேன். வாலைப் பாக்கேன். விடுங்க!”

மாசானம் தலையைக் குனிந்தபடியே பக்கத்திலிருந்து தீர்ப்பு சொன்னான்: “கால்ல ஆரம்பிச்சா கண்ணுலதான் மதினி போய் முடியும். ஆரம்பிக்காம இருக்கிறதுதான் சூதானம்.”

ஓடையில் தண்ணீர் சலசலத்தது. கனமான மூச்சுச் சத்தம் கேட்டது. காட்டு வாடை ஒன்று வந்து, அப்படியே கடந்து போயிற்று. உச்சிமாகாளி துண்டை எடுத்தபோது அங்கே நாலைந்து உருண்டை சாணம் ஆவி பறக்கக் கிடந்தது, வேறு ஒன்றும் இல்லை.

வடிவு அழுதுவிட்டாள். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல் அழுதாள். “மழையில நனைஞ்சேன். முன்னபின்ன தெரியாத வீட்டுல போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். எல்லாம் இதுக்காக. அவ்வளவுதான். நான் ஆடிக்குப் போறேன். என்னை எதிர்பார்க்காதீங்க” என்று சொல்லிவிட்டு, விறுவிறு என்று கேட்டைப் பார்த்து நடந்தாள்.

உச்சிமாகாளி “வடிவு, வடிவு” என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனான். அவள் திரும்பவில்லை. வேறு யானைக்கு எங்கே போவது, அடுத்த வாரம் ஆடி பிறக்கிறதே என்று புலம்பினான்.

கேட்டுக்கு உள்பக்கம் இன்னொரு பலகை இருந்தது. உள்ளே வரும்போது முதுகு காட்டி நின்றதால் யாரும் பார்க்கவில்லை. வெளியே போகிறவர்களுக்காக எழுதிய பலகை அது: ‘நிழற்படங்களைத் தவிர வேறு எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். காலடித் தடங்களைத் தவிர வேறு எதையும் விட்டுச் செல்லாதீர்கள்.’

மாசானம் படித்தான். நின்றான். மற்ற மூன்று பேரும் நின்றார்கள். பைகளைக் கீழே வைத்தார்கள். கொம்பையாவைப் பலாப்பழத்தை இறக்கி வைக்கச் சொன்னார்கள்.

“பையை எடுத்துட்டுப் போகக் கூடாது. ஏன்னா, அது படம் இல்ல” என்றான் மாசானம்.

“அப்போ விட்டுட்டுப் போவோம்” என்றான் கொம்பையா.

“விட்டுட்டும் போகக் கூடாது. அது காலடியும் இல்ல.”

“எடுக்கவும் கூடாது, விடவும் கூடாதுன்னா என்னதாம்டே செய்யுறது?”

“அதைத்தான் யோசிக்கணும்.”

உட்கார்ந்து யோசித்தார்கள். சப்பாணிமுத்து பையைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வைக்கலாம் என்றான். பாதி விட்ட குற்றம், பாதி எடுத்த குற்றம், ஆக ரெண்டும் சேர்ந்து ஒரு முழுக் குற்றம் என்று மாசானம் தள்ளுபடி செய்துவிட்டான். வடிவு கேட்டுக்குப் பக்கத்தில் உயரமாகக் கட்டியிருந்த காவல் மேடையில் ஏறி உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குட்டப்பன் வந்து பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், தலையில் கையை வைத்துக்கொண்டு அதே மேடையில் வந்து உட்கார்ந்தார்.

மழை விட்டது. பலாப்பழ வாசனை கம்மென்று காட்டுக்குள் பரவியது. வழக்கமாக வருகிற ஆட்களாக இருந்திருந்தால் எப்போதோ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார்கள். இவர்கள் தர்ம நியாயம் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

“அனங்கண்டா மோளே, அசையாதே” என்றார் குட்டப்பன், மெதுவாக.

வடிவு திரும்பினாள். ரோட்டோரத்து ஈட்டி மரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு யானை வந்துகொண்டிருந்தது. கொம்பன். உடம்பெல்லாம் செம்மண். காது ஒன்றில் கிழிசல். நெற்றியில் பட்டம் இல்லை, காலில் சங்கிலி இல்லை. அது பாட்டுக்கு நடந்து வந்தது. கீழே நாலு பேரும் சொன்ன சொல் தவறாமல் எழுந்து, தலையைக் குனிந்து, கண்ணை இறுக்கி மூடி, சிலையாக நின்றுவிட்டார்கள். அதனால் யானை அவர்களை மரம் என்றே நினைத்திருக்க வேண்டும், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வழியை அடைத்துக் கிடந்த பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி கேட்டுக்கு மேலாக வெளியே வீசியது. பலாப்பழத்தைக் காலால் ஒரு மிதி மிதித்துப் பிளந்து, நிதானமாகச் சுளை சுளையாகச் சாப்பிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. யாரிடமும் கை நீட்டவில்லை. சாப்பிட்டு முடித்து, காதை ரெண்டு தரம் ஆட்டிவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

வடிவு ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து உச்சிமாகாளியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“பார்த்துட்டேன்! முழுசாப் பார்த்துட்டேன்! நீங்க பார்த்தீங்களா?”

உச்சிமாகாளி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். “எதை?”

வடிவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “போங்க, உங்களைத் திருத்த முடியாது. ஆடிக்குப் போவேன். ஆவணி ஒண்ணாந்தேதி நம்ம வீட்டுக்கு வந்துருவேன். போதுமா?”

உச்சிமாகாளிக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. யானையை நினைத்து ஒரு கும்பிடு போட்டான். “வடிவு வருவாடே! ஆவணிக்கு வந்துருவாடே!” என்று மூன்று பேரையும் கட்டிக்கொண்டான்.

“சரி, கிளம்பலாம் வாங்க. பையெல்லாம் வெளிய போயிருச்சு” என்றாள் வடிவு.

மாசானம் அசையவில்லை. “பை போயிருச்சு, சரி. நாம எப்படி மதினி போறது? நாமளும் படம் இல்லையே. நாமளும் காலடி இல்லையே.”

நாலு பேரும் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்கள். வடிவு இன்றைக்கு நல்ல மனசோடு இருந்தாள். புருஷன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நாலு பேரையும் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தாள். “இந்தா பாருங்க, நாலு பேரும் படமாயிட்டீங்க. படத்தை எடுத்துட்டுப் போகலாம்லா? வாங்க” என்று சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டி, ஊர் பஸ் நிற்கிற டீக்கடையைப் பார்த்து நடந்தாள். அவர்கள் பின்னாலேயே வருகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

பொழுது சாய்கிற நேரம். குட்டப்பன் கேட்டைப் பூட்டச் சாவியோடு வந்தார். நாலு பேரும் பலகைக்குக் கீழே காலை நீட்டி, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

“எந்தா இது? இன்னும் போகலையோ?”

“நாங்க போயாச்சே” என்றான் மாசானம். “மதினி அப்போவே எங்களை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்போ பஸ் ஏறியிருப்போம்.”

“அப்போ இங்கே இருக்கிறது யாரு?”

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்கே புதுக் கேள்வி.

“யாரா இருந்தாலும் நாங்க இல்ல” என்றான் சப்பாணிமுத்து. “எங்களுக்கு டிக்கெட்டும் மிச்சம். போன்ல போனா டிக்கெட் கேக்க மாட்டாங்க.”

உச்சிமாகாளி பலகைக் கம்பத்தில் சாய்ந்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான். “ஏ மாசானம், நான் இப்போ வடிவு பக்கத்துலதானே இருப்பேன்?”

“பின்ன? ஜன்னலோரத்துல மதினி, பக்கத்துல நீ.”

“ராத்திரி வீட்டுக்குப் போயிருவோம்லா?”

“போயிருவீங்க. போய் மதினி சோறு பொங்கி, சுடச்சுடப் போட்டுருவாங்க.”

உச்சிமாகாளி கொஞ்ச நேரம் அதை நினைத்து ஆனந்தமாக இருந்தான். பிறகு கவலையோடு வயிற்றைத் தடவினான்.

“அப்படீன்னா இங்க ஏன்டே எனக்கு இப்படிப் பசிக்குது?”

மாசானம் நன்றாக யோசித்துச் சொன்னான்: “அங்க நீ இன்னும் சாப்பிட உட்காரலை போலிருக்கு.”